அதுவா வந்துச்சி

உன்னைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அக்காவிடம் போனில் சொன்னேன். மறுமுனையில் குக்கர் விசில் சத்தம். அது அடங்கியது. பிறகு சொன்னாள்: "எழுதறதுன்னா எழுதிக்கோ. எம் பேரு மட்டும் போடாத."

எனக்கு வந்த கோபத்துக்கு போனைத் தூக்கி எறிந்திருப்பேன். புது போன், அதனால் விட்டேன். பெயர் போடவில்லை. ஆனால் இது என் எழுத்து. மற்றதை நான் என் இஷ்டத்துக்குத்தான் எழுதுவேன்.

செங்கல்பட்டுக்கு வடக்கே ஹைவேயை ஒட்டி ஒரு கம்பெனி இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு ஹெட் செய்து பொருத்துகிற கம்பெனி. இப்போது அந்த இடத்தில் ஓட்டல் இருக்கிறது. அங்கே நானும் அக்காவும் ஒரே லைனில், ஒரே பெஞ்சில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அக்கா கடப்பாக்கத்திலிருந்து வேன் ஏறுவாள். நான் மதுராந்தகம் தாண்டி ஏறுவேன். எனக்கு முன்னால் மூன்று வருஷம் அவள் அங்கே வேலை பார்த்திருந்தாள். அதனால் லைனில் எல்லாருக்கும் அக்கா.

அவளைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். எதையும் தான் செய்ததாகச் சொல்ல மாட்டாள்.

வேன் கதவு சிக்கிக்கொள்ளும். டிரைவர் இழுப்பார், உதைப்பார், வண்டியை விற்றவனைத் திட்டுவார். அக்கா தலையிலிருந்து ஊசியை எடுத்து எங்கேயோ குத்துவாள். கதவு திறக்கும். எப்படித் திறந்தாய் என்று டிரைவர் கேட்டால், "அதுவா தொறந்துகிச்சி அண்ணாத்த" என்பாள். லைனில் ஒரு மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வருவதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். அதுவா ஓடுச்சி. புதுசாய் வந்த பெண் கை நடுங்கி அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரத்தில் அவளைத் தேற்றிவிடுவாள். அதுவா கத்துகிச்சி. எல்லாம் அதுவா நடந்தது என்றால் இவளுக்கு எதற்குச் சம்பளம்?

ஆனால் கெட்டுப்போனது மட்டும் அதுவாகக் கெடாது. அதற்கு "நான்தான்" என்று உடனே கையைத் தூக்குவாள். இது என்ன கணக்கு என்று பல தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்பாள். மேல் வரிசையில் ஒரு பல் உடைந்திருக்கும். அது எப்படி உடைந்தது என்று கேட்டாலும் அதுவாத்தான் உடைந்தது என்றாள்.

அந்த வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியாது.

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போலப் பளபளவென்று தட்டுகள் இருக்கும். அவை சுற்றும். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஹெட் இருக்கும். ரவையில் பாதி இருக்கும் ஒரு ஹெட். அதுதான் தட்டில் எழுதும், எழுதினதைப் படிக்கும். தட்டைத் தொடாமல், மேலே மிதந்துகொண்டே படிக்கும். தொட்டால் தீர்ந்தது. தட்டில் கீறல் விழும், கீறல் விழுந்த இடத்தில் எழுதினது போய்விடும். ஹெட்டின் முகமும் கெட்டுவிடும். இரண்டு ஹெட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, ஒட்டிக்கொள்ளத் துடித்துக்கொண்டு இருக்கும். அவற்றைப் பிரித்துப் பிடித்து நடுவில் தட்டைக் கொண்டுவர வேண்டும். அதுதான் எங்கள் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி. பூ கூடாது, பவுடர் கூடாது, பொட்டு கூடாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே எட்டு மணி நேரம்.

பிரித்துப் பிடிப்பதற்குக் கம்பெனி ஒரு கருவி கொடுத்திருந்தது. சீப்பு என்போம். பல் பல்லாக இருக்கும், இரும்பு. அது ஹெட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் போய் முகத்தைத் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சீப்பாலேயே தினமும் டிரே டிரேயாக ஹெட் கெட்டது. முகத்தில் கீறல். சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து கை சரியில்லை என்று எங்களைத் திட்டுவான். கை சரியாகத்தான் இருந்தது. சீப்புதான் சரியில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். சரியான சீப்பு எப்படி இருக்கும் என்று யோசித்தது அக்கா ஒருத்திதான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னாள். "கைப்புள்ளைய தூக்கறப்ப மூஞ்சில கைய வெச்சா தூக்குவோம்? கழுத்துக்குக் கீழ தான கைய குடுப்போம். இத மட்டும் ஏன் மூஞ்சிய புடிச்சி தூக்கறோம்?"

எனக்குக் கேட்டவுடன் சிரிப்புதான் வந்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் தம்பி, தங்கை என்று நாலு பேரைத் தூக்கி வளர்த்தவள்.

ஹெட் ஒரு மெல்லிய தகட்டின் நுனியில் இருக்கும். அந்தத் தகட்டுக்குக் கழுத்து மாதிரி ஒரு இடம் உண்டு. அங்கே பிடித்துத் தூக்கினால் முகத்தில் எதுவும் படாது. அதற்கு மெல்லிய பல் வேண்டும், பல்லின் நுனி சரிவாக இருக்க வேண்டும். அக்கா கடைத்தெருவில் ஒரு பேன் சீப்பு வாங்கினாள். வேண்டாத பற்களை உடைத்தாள். மீதியை நகம் தேய்க்கிற அரத்தால் ஒரு மாதம் தேய்த்தாள். வேனில் வரும்போதும் தேய்ப்பாள், போகும்போதும் தேய்ப்பாள். தலையில் இவ்வளவு பேனா என்று மற்றவர்கள் கேட்பார்கள். "ஆமா, வாங்க, ஆளுக்கு ரெண்டு தரேன்" என்பாள்.

ஒரு காலையில் அதை ஸ்பிரிட்டில் கழுவி உள்ளே கொண்டுபோய்விட்டாள். நாற்பது ஹெட் போட்டாள். அழகாக, ஒரு சத்தமில்லாமல், வெண்ணெயில் விரல் போகிற மாதிரிப் போயிற்று. நானே பார்த்தேன். சோதனைக்குப் போனது. நாற்பதும் செத்துவிட்டது.

எண்ணெய் வைக்காத தலையை பிளாஸ்டிக் சீப்பால் வாரினால் முடி எழுந்து நிற்குமே, அந்த மின்சாரம். அது போதும், ரவை மாதிரி இருக்கும் ஹெட்டைக் கொல்ல. எங்களுக்கு அது தெரியாதா? தெரியும். சுவரில் எழுதியே போட்டிருந்தார்கள். அக்கா முகத்தைப் பற்றியே யோசித்து மற்றதை மறந்துவிட்டாள்.

யார் செய்தது என்று சூப்பர்வைசர் கத்தினான். "நான்தான் சார்" என்று எழுந்துவிட்டாள். அதில் மட்டும் ஒரு நொடி தாமதம் கிடையாது. மூன்று நாள் வேலைக்கு வரக் கூடாது என்றார்கள்.

அங்கே ஒரு இன்ஜினியர் இருந்தார். நல்ல மனிதர் என்று சொல்ல மனசு வரவில்லை, கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. செத்துப்போன நாற்பதையும் அவர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றில்கூட முகத்தில் கீறல் இல்லை. இதுவரைக்கும் அந்தக் கம்பெனியில் அப்படி ஒரு டிரே வந்ததே இல்லை. இரண்டாம் நாளே அக்காவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மின்சாரம் தங்காத கறுப்புப் பிளாஸ்டிக்கில் அதே பல்லை, அதே சரிவில் வெட்ட வைத்தார். சரிவு சரியாக வரும் வரை அக்காவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அக்கா விரலால் காட்டுவாள். ஏழெட்டு தடவை வெட்டினார்கள். அடுத்த மாதத்திலிருந்து எல்லா லைனிலும் கறுப்புச் சீப்பு. திட்டு நின்றது. வெளிநாட்டில் இருக்கிற அவர்களுடைய மற்ற கம்பெனிகளுக்கும் அந்தச் சீப்பு போனதாகச் சொன்னார்கள். அதற்குக் காப்புரிமை எழுதி வாங்கினார்கள். கேன்டீன் சுவரில் சட்டம் போட்டு மாட்டினார்கள். நாலு பேர் பெயர். அக்கா பெயர் இல்லை.

நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு இன்ஜினியர் அறைக்குப் போனேன். என்ன கேட்டேன் என்று முழுதாக எழுத முடியாது. அவர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "நான் அவங்ககிட்ட மூணு தடவ கேட்டேம்மா. காப்புரிமை பாரத்த கையில வெச்சிகிட்டு கேட்டேன், இது உங்க யோசனை தானேன்னு. இல்ல சார், அதுவா வந்துச்சின்னு சொன்னாங்க. அதுவா வந்துச்சின்னு நான் பாரத்துல எப்படி எழுதறது?"

அவர் பேச்சை நம்பாமல் வேனில் அக்காவைப் பிடித்தேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேனில் எல்லார் முன்னாலும் அவளை முட்டாள் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். செய்யூர் பக்கத்து ஆள் ஒருத்தி என்னை அதட்டினாள். 

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தானாகவே, கதை மாதிரி ஒன்று சொன்னாள்.

அவள் அப்பா ஒரு பண்ணையில் கூலி. ஒரு மழைக்காலத்தில் வயலின் வடிகால் மடை அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறிப் பயிர் மூழ்கப் போகிறது. யாரும் இறங்கவில்லை. அவர் இறங்கி அடைப்பை எடுத்துவிட்டார். பயிர் பிழைத்தது. பண்ணைக்காரர் வந்து யார் மடையைத் திறந்தது என்று கேட்டார். நான்தான் ஐயா என்றார் அவள் அப்பா, சந்தோஷமாக. அடுத்த கேள்வி, யார் சொல்லித் திறந்தாய். யாரும் சொல்லவில்லை என்றார். யாரும் சொல்லாமல் நீயாகச் செய்கிற அளவுக்கு வந்துவிட்டாயா என்று அடி விழுந்தது.

"அதுக்கப்புறம் எங்க நைனா எது செஞ்சாலும் அதுவா ஆச்சிங்க ஐயான்னுதான் சொல்வாரு. எங்க வூட்ல எல்லாரும் அப்பிடியே பேசி பழகிட்டோம். கெட்டுப் போனா நான்தான்னு சொல்லிட்டா அடி கொஞ்சமா வுழும். நல்லது நடந்தா வாயே தொறக்கக் கூடாது."

 எங்கள் வீட்டுக்கு அவள் வந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. என்னைக் காய்ச்சலில் பார்க்க வந்திருந்தாள். எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அம்மா அவளை எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டாள். கேட்ட பிறகு வீட்டு டம்ளரை உள்ளே வைத்துவிட்டு, காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அக்கா வாங்கிக் குடித்தாள். "பாட்டிலே நல்லதுமா, பஸ்ல எடுத்துகினு போலாம்" என்றாள். அம்மாவோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எழுந்து நானே ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக்கொள்வேன். எழ முடியாத காய்ச்சல் இல்லை அது.

கம்பெனியை மூடினார்கள். ஒரு திங்கட்கிழமை வேன் வந்து நின்றபோது கேட்டில் பூட்டும் ஒரு காகிதமும் இருந்தன. அதற்கு முன் சனிக்கிழமை, புதுசு தருகிறோம் என்று சொல்லி எல்லாருடைய வருகை அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்சம் பேர் வீட்டில் வைத்துவிட்டோம் என்று பொய் சொல்லிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டோம். அக்கா கேட்டவுடன் கொடுத்தவள்.

செங்கல்பட்டில் தொழிலாளர் அதிகாரியிடம் போனோம். இருநூறு பேருக்கு மேல். அங்கே கம்பெனி வக்கீல் சொன்னார்: இவர்கள் யாரும் தொழிலாளர்களே கிடையாது, சில மாதம் பயிற்சிக்கு வந்து போனவர்கள், எங்களிடம் இவர்கள் யாருடைய பதிவும் இல்லை. அட்டையைக் காட்டினால், பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் அதே அட்டைதான் என்றார். பத்து வருஷத்துக்கு மேல் மைக்ராஸ்கோப் பார்த்துக் கண் கெட்டவளும் அதில் இருந்தாள். நாங்கள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. நாங்கள் அங்கே வேலை செய்தோம், இத்தனை வருஷம் செய்தோம் என்று ஒரு காகிதத்தில் எழுதித் தர வேண்டும். அது இருந்தால்தான் மற்றது எல்லாம். அது இல்லாவிட்டால் நாங்கள் அந்த கேட்டுக்குள் போனதே கிடையாது.

வருகை எல்லாம் கம்ப்யூட்டரில்தானே பதிவானது, அதைக் காட்டுங்கள் என்றார் அதிகாரி. வக்கீல் தயாராக வந்திருந்தார். பையிலிருந்து ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தார். கெட்டுவிட்டது ஐயா, வேண்டுமானால் நீங்களே போட்டுப் பாருங்கள் என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார்கள். டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

ஹார்டு டிஸ்க் செய்கிறவர்களிடம் செத்த டிஸ்க்கைக் காட்டி ஏமாற்றப் பார்த்தார்கள். அவ்வளவு இளப்பம்.

அக்கா கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டாள். "ஹெட்டு தான் செத்து கீது சார். தட்டு உசுரோட கீது. வேற ஹெட்டு மாத்துனா படிக்கும்."

வக்கீல் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. முடியுமானால் என் எழுத்தர் முன்னால் திறந்து பாருங்கள், கம்பெனி ஆளும் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் கெடு.

அதே மாதிரி டிஸ்க் ஒன்று வேண்டும், அதிலிருந்து உயிருள்ள ஹெட்டை எடுக்க. சென்னையில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெருவுக்கு நாலு தடவை போய் நான் கண்டுபிடித்தேன். ஒன்றுதான் கிடைத்தது. சீப்பு அக்காவிடம் இருந்தது. இன்ஜினியர் வேலையை விட்டுப் போன நாளில், ஓரத்தில் விரிசல் விட்டுக் கழித்த சீப்பு ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சரி, எங்கே திறப்பது? தூசி இல்லாத இடம் வேண்டும். ஒரு தூசி ஹெட்டுக்கு அடியில் போனால் இருநூறு பேர் வாழ்க்கையும் கீறிவிடும்.

கம்பெனி மூடிய பிறகு அக்கா கடப்பாக்கம் பக்கத்தில் கடற்கரையில் இருக்கிற இறால் குஞ்சுப் பண்ணையில் பாட்டில் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். இறால் குஞ்சுக்குத் தீனியாகப் பாசி வளர்ப்பார்கள். அந்தப் பாசியில் வேறு கிருமி விழக் கூடாது என்று ஏசி அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் வடிகட்டிய சுத்தக் காற்று வீசிக்கொண்டே இருக்கும். எங்கள் கம்பெனியில் இருந்த அதே காற்று. அக்கா முதல் நாளே அதைப் பார்த்து வைத்திருக்கிறாள். பண்ணை மேனேஜரிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

எழுத்தர் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார். பெரிய பையோடு வந்தார். திரும்பும்போது இறால் கொடுப்பார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மேனேஜர் ஒரு பீக்கரில் எடுத்துக் காட்டினார். தண்ணீரில் கண் இமை முடி மாதிரி ஏதோ துள்ளியது. இதுதான் சார் எங்ககிட்ட இருக்கற இறால் என்றார். எழுத்தர் பையை மடித்து வைத்துக்கொண்டார். கம்பெனி சார்பில் வந்த ஜூனியர் வக்கீலைக் கால் கழுவச் சொல்லித் தலைக்குக் குல்லா மாட்டினோம். மூக்கு நமைக்க நமைக்க நின்றார் அந்த ஜூனியர்.

அக்கா பெட்டிக்குள் கையை விட்டாள்.  முதலில் சந்தையில் வாங்கினதைத் திறந்து, சீப்பைக் கழுத்தில் கொடுத்து, ஹெட்டை மொத்தமாகத் தூக்கினாள். பிறகு கம்பெனி டிஸ்க்கைத் திறந்தாள். தட்டின் வெளி ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம், தலைமுடி அளவு. செத்த ஹெட் உரசின இடம். அதைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள். பிறகு பழையதை எடுத்தாள். புதியதை வைத்தாள். சீப்பை உருவினாள். அவள் மூச்சு விட்டதை நான் பார்க்கவில்லை. நான் விட்டேனா என்பதும் தெரியாது.

கம்ப்யூட்டரில் மாட்டினோம். டிக் சத்தம் இல்லை. வீணையில் ஒரே நரம்பைத் தடவுகிற மாதிரி ஒரு சத்தம், அதுதான் உயிருள்ள டிஸ்க்கின் சத்தம். வேறொரு டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் நான் நகல் எடுத்தேன். அந்த வேலை எனக்குத் தெரியும். அப்போது செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் இருந்தேன். முக்கால் மணி நேரம் ஓடியது. கடைசியில் பெயர் பெயராகத் திரையில் வந்தது. யார், எந்த நாள், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே. ஏழு பேர் பதிவு மட்டும் வரவில்லை, பெயர்கூட இல்லாமல் காலியாக நின்றது. அந்த வளையத்தில் இருந்தது அவர்கள்தான்.

நான் முதலில் தேடியது என் பெயரை. இருந்தது. அழுதுவிட்டேன். பக்கத்தில் அக்கா திரையை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். "போதும், மூடு" என்றாள். எழுத்தர் நகலை உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

அடுத்த விசாரணைக்கு வக்கீல் சிரிக்காமல் வந்தார். இந்தப் பட்டியலை ஏற்கக் கூடாது, திறந்தவர்களே எழுதிச் சேர்த்திருப்பார்கள் என்றார். யார் திறந்தது என்று அதிகாரி கேட்டார். எழுத்தர் அக்காவைக் காட்டினார். அக்கா எழுந்து நின்றாள்.

"எப்படிம்மா எடுத்தீங்க?"

"அதுவா வந்துச்சி சார்."

அந்த அறையில் இருநூறு பேரும் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. வக்கீல் குதித்து எழுந்தார். கேட்டுக்கொள்ளுங்கள் ஐயா, அதுவாக வந்ததாம், என்ன செய்தார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை என்றார். அதோடு விடவில்லை. அந்தச் சீப்பு கம்பெனிச் சொத்து, அதைத் திருடிக்கொண்டு போயிருக்கிறார், அதைச் செய்தவர்கள் பெயர் காப்புரிமையில் இருக்கிறது என்றார். அக்காவைப் பார்த்து, யார் சொல்லி இதையெல்லாம் நீ செய்தாய் என்றார். நீ என்றுதான் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் இருந்த எல்லாரையும் பார்த்தாள். பிறகு அவள் பேசினது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு அப்படியே இருக்கிறது.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் செஞ்சேன். அந்த சீப்பு நான் செஞ்சது. பேன் சீப்ப தேச்சி தேச்சி ஒரு மாசம் செஞ்சேன். மொத தடவ நாப்பது ஹெட்டு செத்துச்சி, அதுவும் நான்தான். இந்த டிஸ்க்க தொறந்ததும் நான், ஹெட்டு மாத்துனதும் நான். அதுல ஒரு பேரு கூட நான் எழுதல. எழுதறதுன்னா வராதவங்க பேர எழுதியிருக்க மாட்டனா?"

 நிற்காமல் சொன்னாள். கைப்பிள்ளையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையையும் நீட்டிக் காட்டி, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்று அந்த அதிகாரிக்கு விளக்கினாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு பட்டியலைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரல் வைத்து, இதில் உங்கள் ஃபேக்டரி மேனேஜர் வந்த நேரம், போன நேரமும் இருக்கிறதே, அவரும் பயிற்சிக்கு வந்தவரா என்று வக்கீலைக் கேட்டார். வக்கீல் உட்கார்ந்தார். பட்டியலை ஏற்றுக்கொண்டேன் என்று அதிகாரி எழுதினார்.

எழுத்தர் பெயர்களை வாசித்தார். ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டோம். கடைசியில் வராத ஏழு பேர் யார் என்று கேட்டார். ஏழு பேரும் கம்பெனி ஆரம்பித்த நாளில் சேர்ந்தவர்கள். ஆறு பேர் கொடுக்காமல் வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினார்கள். ஏழாவது ஆள் அக்கா.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையே தெரியும். திரையை மேலிருந்து கீழே பார்த்தாளே, அப்போதே. அங்கேயே அவளைப் பார்த்துக் கத்தினேன், ஏன் சொல்லவில்லை என்று. "சொன்னா இன்னா ஆவும்? கீறல் விழுந்தது விழுந்ததுதான். உங்க எல்லாருதும் வந்துச்சி இல்ல" என்றாள்.

அதிகாரி சங்கடப்பட்டார். எழுத்தில் ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்றார். இல்லை என்றாள். எத்தனை வருஷம் வேலை பார்த்தீர்கள் என்றார். "நீங்களே பாத்து போடுங்க சார்" என்றாள்.

எனக்கு முன்னால் எழுந்தது செய்யூர்க்காரி. வேனில் என்னை அதட்டினாளே, அவள். "எம் மொத பையன் வயித்துல இருக்கும்போது எனக்கு ஹெட்டு புடிக்க கத்துக்குடுத்தது இது, சார். அவன் இப்ப ஏழாவது படிக்கறான்." எழுத்தர் எழுதிக்கொண்டார். அடுத்து ஒருத்தி எழுந்தாள். தன் கல்யாணத்துக்கு லைனில் எல்லாரும் லீவு கேட்டபோது, அக்கா இரண்டு பேர் பெஞ்சு வேலையைச் சேர்த்துப் பார்த்ததைச் சொன்னாள், எந்த வருஷத்து ஆனி மாதம் என்பதையும் சொன்னாள். நான் எழுந்து முதல் நாள் என் அங்கிக்கு நாடா கட்டிவிட்டது யார் என்று சொன்னேன். பிறகு யார் யார் என்று தெரியவில்லை, நாற்காலிகள் தள்ளுகிற சத்தமாக இருந்தது. மாமியார் செத்த வருஷம், வீடு கட்டின வருஷம், பெண் பெரியவளான வருஷம். எல்லா வருஷத்திலும் பக்கத்துப் பெஞ்சில் அக்கா இருந்தாள். எழுத்தருக்குக் காகிதம் முடிந்தது, இன்னொன்று எடுத்துக் குண்டூசியால் சேர்த்துக் குத்தினார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கினாள். "போதும்மா, குந்துங்க. ஆபீசருக்கு வேற வேல இல்லியா" என்றாள்.

யாரும் உட்காரவில்லை.